கழுவிக் கெடுத்த தண்ணீர்

தொட்டியில் ஆறு மீன். வந்த ஒன்பதாம் நாள் காலையில் ஆறும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. என்னவோ சொல்ல வருகிற மாதிரி இருந்தது. ஒரு மண்ணும் சொல்ல வரவில்லை. மூச்சு முட்டுகிறது, அவ்வளவுதான்.

தொட்டிக்காரருக்குப் பார்த்ததுமே அது தெரிந்துவிட்டது. ஒரு தடவை அவர் தரைக்கடித் தொட்டிக்குள் இறங்கியிருந்தபோது, எவனோ ஒரு புத்திசாலி மேல்மூடியை இழுத்து மூடிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். அன்றைக்கு அவரும் இப்படித்தான் வாயைத் திறந்து திறந்து மூடினார்.

தொட்டிக்காரர் என்ற பெயர் அவருக்கு மீனால் வந்ததில்லை. முப்பத்தெட்டு வருஷம் தண்ணீர்த் தொட்டி கழுவினார். மொட்டைமாடித் தொட்டி, தரைக்கடித் தொட்டி, ஆஸ்பத்திரித் தொட்டி, பள்ளிக்கூடத் தொட்டி. தண்ணீரை இறக்கிவிட்டு உள்ளே குதிப்பார். பிரஷ்ஷால் தேய்ப்பார். பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி மறுபடி தேய்ப்பார். கடைசியில் ஒரு விரலைச் சுவரில் வைத்து இழுப்பார். விரல் வழுக்கினால் வேலை முடியவில்லை. கிறீச்சென்று சத்தம் வர வேண்டும். வந்தால்தான் ஏணியில் ஏறுவார். அவர் கழுவிய தொட்டித் தண்ணீரைக் குடித்து ஒருத்தருக்கும் வயிறு வலித்ததில்லை. இதைக் கேட்கிறவர்களிடமும் சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார்.

இப்போது முழங்கால் போய்விட்டது. பெண்டாட்டியும் போய் நாலு வருஷம். மகள் வீட்டுக் கூடத்தில் ஒரு கட்டில் போட்டுக்கொண்டு கிடக்கிறார்.

மீன் மாப்பிள்ளையுடையது. மாப்பிள்ளை குழாய் செய்கிற கம்பெனியில் ஸ்டோர் பார்த்தார். பதினாறு வருஷம். ஒருநாள் காலையில் போனால் கேட்டில் பூட்டு. திரும்பி வந்து படுத்தவர், பத்து மாசம் படுத்தே கிடந்தார். காய்ச்சல் இல்லை, கைகால் விழவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார், அவ்வளவுதான். டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரையைத் தின்றுவிட்டு இன்னும் நன்றாகப் படுத்தார்.

நடுவில் ஒரு கூத்து நடந்தது. மகள் கெஞ்சிக் கேட்டாள் என்று தொட்டிக்காரர் ஒரு பொய் சொன்னார். "எனக்குத் தெரிஞ்ச காண்ட்ராக்டர் ஒருத்தர் உங்களைக் கேட்டாரு மாப்பிள்ளை. ஸ்டோருக்கு ஆள் வேணுமாம். போன் பண்ணுவாரு." மாப்பிள்ளை எழுந்தார். குளித்தார். சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்திருந்தார். எட்டாம் நாள் அவரே விசாரித்துவிட்டார். அந்தக் காண்ட்ராக்டர் செத்து ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. தொட்டிக்காரருக்கு அது தெரியாது. பொய் பழக்கமில்லாதவன் பொய் சொன்னால் இப்படித்தான், செத்தவனைப் போய் இழுத்துக்கொண்டு வருவான்.

மாப்பிள்ளை சத்தம் போடவில்லை. "பரவால்ல மாமா" என்றார். சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பினார்.

அப்புறம்தான் மீன். டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிற வழியில் மாப்பிள்ளை ஒரு வண்ணமீன் கடை முன்னால் அரைமணி நேரம் நின்றாராம். மகள் அன்றைக்கே மூன்றடிக் கண்ணாடித் தொட்டியும், பில்டரும், காற்று மோட்டாரும், ஆறு தங்கமீனும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். யோசிக்கவே இல்லை. மறுநாள் மாப்பிள்ளை ஏழு மணிக்கு எழுந்து தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அதற்கு மறுநாளும் எழுந்தார். மூன்றாம் நாள் சவரம் செய்துகொண்டார்.

"எந்திரிச்சு உக்காந்துட்டாருப்பா. எனக்கு அது போதும்" என்றாள் மகள், அடுப்படியில் நின்று. தையல் கூடத்தில் முப்பது பேரை மேய்க்கிறவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

அந்த மீன்தான் இப்போது மூச்சு முட்டி நிற்கிறது.

"மாமா, இங்க வாங்க. ஆறும் மேல வந்து நிக்குது."

"பசியா இருக்கும்." மூச்சு முட்டுகிறது என்று சொல்லி மாப்பிள்ளையைக் கலங்கவைக்க அவருக்கு மனசு வரவில்லை.

"பசின்னா தின்னுமே. போட்டதை மோந்துகூடப் பாக்கல."

"தண்ணி அழுக்காயிருக்கும்."

"தண்ணியா? நல்லாப் பாருங்க. எது கண்ணாடி, எது தண்ணின்னு எனக்கே தெரியல."

அது உண்மை. தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. ஏன் அப்படி இருந்தது என்று அந்த வீட்டில் தொட்டிக்காரர் ஒருத்தருக்குத்தான் தெரியும்.

மாப்பிள்ளை போனில் பார்த்து ஒரு காகிதம் எழுதித் தொட்டிப் பக்கத்தில் ஒட்டியிருந்தார். தொட்டிக்காரர் மூன்றாம் வகுப்போடு நிறுத்தியவர். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். படித்தார். 'பில்டரில் உள்ள ஸ்பாஞ்சை யாரும் கழுவக் கூடாது. தண்ணீரை ஒரேயடியாக மாற்றக் கூடாது.' இது எவனோ சோம்பேறி போட்ட சட்டம் என்று அவருக்குப் பட்டது. கழுவாதே என்று சொல்கிறவனை உலகத்தில் அவர் அன்றைக்குத்தான் பார்த்தார். அதுவும் போனில்.

நாலாம் நாள் அந்த ஸ்பாஞ்சு பழுப்பாகிவிட்டது. தொட்டுப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. முப்பத்தெட்டு வருஷத்து விரல் அதைப் பொறுக்குமா? மறுநாள் விடிகாலை எழுந்தார். மாத்திரை போட்டுப் படுக்கிற மாப்பிள்ளை ஏழுக்கு முன்னால் அசைய மாட்டார். ஸ்பாஞ்சைப் பிடுங்கிக் குழாயடியில் வைத்துக் கசக்கினார், வெள்ளை வெளேரென்று ஆகும்வரை. உள்கண்ணாடியைப் பிரஷ் போட்டுத் தேய்த்தார். ரப்பர் குழாயை வாயில் வைத்து ஒரு இழுப்பு இழுத்துப் பாதித் தண்ணீரை இறக்கிவிட்டு, குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றினார். குழாய்த் தண்ணீரில் குளோரின் மருந்து வாசனை வந்தது. அவருக்கு அந்த வாசனை பிடிக்கும். மருந்து வாசனை இல்லாத தண்ணீரை அவர் நம்ப மாட்டார். கடைசியில் விரலை வைத்து இழுத்தார். கிறீச்.

அதிலிருந்து தினமும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார்கள். பத்து மாசம் படுத்துக் கிடந்த மனுஷனுக்குத் தொட்டி பராமரிக்கத் தெரியுமா என்ன. இந்தத் தொட்டிதான் அவரை எழுப்பி உட்காரவைத்திருக்கிறது. தொட்டி சுத்தமாக இருந்தால் மீன் இருக்கும். மீன் இருந்தால் மாப்பிள்ளை இருப்பார். இது அவர் போட்ட கணக்கு. முழங்கால் போய்க் கையாலாகாமல் கிடந்த மனுஷனுக்கு, கையால் ஆகிற வேலை ஒன்று அந்த வீட்டில் கிடைத்திருந்தது.

மாப்பிள்ளை ஸ்டோர்க்காரர். அந்தப் புத்தி போகாது. மீன் மேலே வந்து நின்ற அன்றைக்கே ஒரு நோட்டை எடுத்துக் கோடு போட்டார். மீன், நேரம், துடுப்பு, செவுள், வால் என்று ஐந்து கட்டம். ஆறு மீனுக்கும் பெயர் வைத்தார். பெரியவள், சின்னவள், தொப்பை, ஊமை, சண்டைக்காரன், ஒட்டுவால். ஒட்டுவாலுக்குப் பிறவியிலேயே வால் பாதிதான்.

"தொப்பை கன்னத்துல வெள்ளையா பொடி தெரியுது மாமா. வெள்ளைப்புள்ளி நோயா இருக்கும். உப்புப் போடணுமாம்."

"போடுங்க. உப்பு நல்லது."

உப்புப் போட்டார். மறுநாள் விடிகாலை தொட்டிக்காரர் உப்புத் தண்ணீரில் பாதியை இறக்கினார். புள்ளி என்று நினைத்தது காற்று மோட்டார் விட்ட குமிழி. இரண்டு நாளில் துடுப்புகளில் சிவப்பாக நரம்பு ஓடியது. துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு, குளிரில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவன் மாதிரி மூலையில் நின்றன.

"இது கிருமி மாமா. வாலை அழுக வைக்கிற கிருமி. நீல மருந்து ஊத்தணும்."

ஊற்றினார். தொட்டி முழுக்க மைக்கூடு மாதிரி ஆகிவிட்டது. தொட்டிக்காரர் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். எவன் இதில் உயிரோடு இருப்பான்? மறுநாள் விடிகாலை பாதி நீலம் சாக்கடையில் போனது.

"மருந்தை மீன் நல்லாக் குடிச்சிருக்கு மாமா. நிறம் பாதியா குறைஞ்சிருக்கு பாருங்க" என்றார் மாப்பிள்ளை. முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது.

தொட்டிக்காரர் குனிந்து பார்த்தார்.

அன்று மதியம் தொப்பை செத்தது. வயிறு மேலே தெரிய மிதந்தது. மாப்பிள்ளை அதை உள்ளங்கையில் எடுத்தார். தீக்குச்சியால் செவுளைத் தூக்கிப் பார்த்தார். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் கரும்பழுப்பாக இருந்தது.

"வெந்துபோன மாதிரி இருக்கு மாமா. தண்ணிக்குள்ள இருக்கிறது எப்படி வேகும்?"

"நோய் மீனை வித்துட்டாங்க. அவ்வளவுதான். கடைக்காரங்களை நம்பினா இப்படித்தான்."

மாப்பிள்ளை நோட்டில் எழுதினார்: தொப்பை, மதியம் ரெண்டு, செவுள் கறுப்பு. பூந்தொட்டியில் குழி தோண்டிப் புதைத்தார். மூன்று நாள் கழித்துச் சின்னவள்.

அந்த வாரம் மகளும் மாப்பிள்ளையும் டாக்டரிடம் போயிருந்தார்கள். தொட்டிக்காரருக்கு முழுசாக மூன்று மணி நேரம் கிடைத்தது. இனி அரைகுறை வேலை ஆகாது என்று முடிவு கட்டினார். மீதி நாலு மீனையும் வாளியில் விட்டார். அடியில் கிடந்த கூழாங்கல் அத்தனையும் அள்ளி, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டு, ஏழு தண்ணீர் மாற்றிக் கழுவினார். வாசனை போகும்வரை கழுவினார். அந்த விஷயத்தில் அவர் ஏமாற்ற மாட்டார். பில்டரைக் கழற்றி ஒவ்வொரு துவாரத்தையும் ஊசியால் குத்தினார். முழங்கால் வலி உயிர் போனது. அவர்கள் திரும்பி வந்தபோது தொட்டி கடையில் இருந்ததைவிட நன்றாக ஜொலித்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அவர் கட்டிலில் தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டார்.

இரண்டு நாளில் ஊமை செத்தது.

மறுநாள் மாப்பிள்ளை சவரம் செய்யவில்லை. அதற்கு மறுநாள் எட்டரைக்குத்தான் எழுந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார், ஆனால் நோட்டைத் திறக்கவில்லை.

"என்ன மாப்பிள்ளை, எழுதலையா?"

"என்னத்தை எழுத மாமா? நான் தொட்டது எதுவும் தேறாது. பதினாறு வருஷம் பாத்த ஸ்டோரையே காப்பாத்த முடியல. இது என்ன, மீனு."

"கம்பெனி மூடுனதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. நீங்களும் சொல்லுங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை.

அன்று சாயங்காலம் மகள் பையைக் கழற்றாமலே அடுப்படிக்கு வந்து நின்றாள்.

"மீதி மூணும் போச்சுன்னா அவரு மறுபடி படுத்துருவாருப்பா."

"படுக்க மாட்டாரு."

"படுத்துருவாரு. எனக்குத் தெரியும். இந்தத் தடவை எழுப்புறதுக்கு எங்கிட்டத் தெம்பு இல்ல. சொல்லிட்டேன்."

அவள் அழுதிருந்தால் தேவலை. பட்டியல் படிக்கிற மாதிரி சொன்னாள்.

மறுநாள் காலையிலேயே தொட்டிக்காரர் ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வண்ணமீன் கடைக்குக் கிளம்பினார். சண்டை போடத்தான் போனார். வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனார்.

கடைக்குள் சுவர் முழுக்கத் தொட்டிகள். மோட்டார்கள் முனகிக்கொண்டிருந்தன. தரை ஈரமாக இருந்தது. ரப்பர் செருப்பும் கையில் வலையுமாகக் கடைக்காரம்மா வந்தாள். ஐம்பது வயசு இருக்கும்.

"என்ன பெரியவரே, பாட்டிலும் கையுமா? முகம் வேற ஒரு தினுசா இருக்கு."

"நோய் புடிச்ச மீனை எங்க தலையில கட்டிட்டீங்க. ஆறுல மூணு போச்சு."

"அப்படியா. நீங்க சொல்ல வேணாம், தண்ணி சொல்லட்டும். குடுங்க."

சின்னக் கண்ணாடிக் குழலில் தண்ணீரை ஊற்றினாள். ஒரு சீசாவிலிருந்து சொட்டு விட்டாள். இன்னொரு சீசாவிலிருந்தும் விட்டாள். மூடிக் குலுக்கினாள்.

"மஞ்சளா நின்னா நல்ல தண்ணி. பச்சையா போனா விஷம்."

"விஷமா? அதுல ஒரு தூசி இருக்காது. என் கையால..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

குழல் பச்சையானது. இளம்பச்சை இல்லை. குளத்துப் பாசி மாதிரி கரும்பச்சை.

"அமோனியா" என்றாள். "மீன் அந்தத் தண்ணியிலேயே திங்குது, அதிலேயே கழியுது. அந்தக் கழிவுலேர்ந்து வர்ற விஷம். செவுளை வேகவைக்கும். செத்ததோட செவுளைப் பாத்தீங்களா, கறுத்திருந்துச்சா?"

"இருந்துச்சு."

"புதுத் தொட்டியில எல்லாருக்கும் இது வரும். கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க, நல்ல பூச்சிங்க, ஸ்பாஞ்சுலயும் கல்லுலயும் கோடிக்கணக்கா வளரணும். அதுங்கதான் இந்த விஷத்தைத் தின்னு தீக்கும். வளர ஒரு மாசத்துக்கு மேல ஆகும். ஸ்பாஞ்சு பழுப்பா, வழவழன்னு ஆயிருக்கா?"

"ஆச்சு. நாலாம் நாளே ஆச்சு. விடுவேனா? தெனமும் வெள்ளையா கழுவிருவேன்."

கடைக்காரம்மா வலையைக் கீழே வைத்தாள். "எதுல கழுவுனீங்க?"

"குழாய்த் தண்ணியில."

"கிருமியைக் கொல்ற மருந்து கலந்த தண்ணியில. சரி. கல்லு?"

"பிளீச்சிங் பவுடர்ல."

பின்னால் ஒரு மோட்டார் கொளகொளவென்று தண்ணீரைக் கக்கியது.

"பெரியவரே, உங்க மீனுக்கு நோய் எதுவும் இல்ல. அதுங்களுக்கு வந்த நோய் நீங்கதான்."

"ஏம்மா, முப்பத்தெட்டு வருஷம் தொட்டி கழுவுனவன் நான். நான் கழுவுன தண்ணியைக் குடிச்சு ஒருத்தருக்கும்..."

"அது குடிச்சுட்டுப் போற தண்ணி. இதுல அதுங்க குடும்பம் நடத்துதுங்க. நீங்க தெனம் விடிஞ்சா வந்து வீட்டையும் அடுப்பையும் இடிச்சுட்டுப் போயிருக்கீங்க."

"நீ விக்கிறதுக்காகச் சொல்ற."

"என்னத்தை விக்கிறேன்? எதையும் வாங்காதீங்க. எந்த மருந்தும் ஊத்தாதீங்க. ஒரு வாரம் தீனி போடாதீங்க, அப்புறம் துளித்துளியா போடுங்க. ஒருநாள் விட்டு ஒருநாள், மருந்து வாசனை போக வெளியில புடிச்சு வச்ச தண்ணி, ஒரு வாளி மாத்துங்க. மத்தபடி கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க. தண்ணியைச் சோதிச்சுப் பாக்க இந்தச் சொட்டு மருந்தையும் குழலையும் சும்மா எடுத்துட்டுப் போங்க, பிரிச்சதுதான். மீதி மீன் பொழைக்குமான்னு கேக்காதீங்க. செவுள் வெந்தது வெந்ததுதான்."

விற்கிறவள் வாங்காதே என்று சொன்னால்தான் தொட்டிக்காரருக்கு நம்பிக்கை வரும். வந்துவிட்டது. கடை வாசற்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுந்தார். அடுக்கி வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் மிச்சமில்லை.

வீட்டுக்கு வந்தபோது மாப்பிள்ளை நாற்காலியில் இருந்தார். பெரியவள் அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. சண்டைக்காரன் மேலே வாயைத் திறந்துகொண்டு நின்றது. ஒட்டுவால் மூலையில்.

தொட்டிக்காரருக்குச் சுற்றி வளைக்க வராது.

"மாப்பிள்ளை, மீனைக் கொன்னது நான்."

மாப்பிள்ளை திரும்பினார். கோபம் வரும் என்று தொட்டிக்காரர் காத்திருந்தார். வர வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

"தெனமும் விடிகாலையில எந்திரிச்சு ஸ்பாஞ்சைக் கழுவுனேன். பாதித் தண்ணியை இறக்கி, குழாய்த் தண்ணி ஊத்துனேன். கல்லுக்கு பிளீச்சிங் பவுடர் போட்டேன். கடையில கேட்டுட்டு வர்றேன். நீங்க பண்ணது எல்லாம் சரி. கெடுத்தது நான்."

மாப்பிள்ளை அவரை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"அவ சொல்லச் சொன்னாளா மாமா?"

"யாரும் சொல்லல."

"காண்ட்ராக்டர் போன் பண்ணுவாருன்னு சொன்னீங்களே. அது மாதிரியா?"

தொட்டிக்காரர் விறுவிறுவென்று போய்க் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருந்த பிரஷ்ஷை எடுத்துவந்து காட்டினார். "இதாலதான் தேச்சேன்."

"உங்ககிட்ட எப்பவும் பிரஷ் இருக்கும் மாமா."

தொட்டிக்குள் கையை விட்டுக் கண்ணாடியில் விரலை இழுத்தார். கிறீச். "கேட்டீங்களா? இந்தச் சத்தம் வர்ற வரைக்கும் தேச்சிருக்கேன்யா!"

"புதுக் கண்ணாடி. அப்படித்தான் கேக்கும்."

பில்டரைத் திறந்து ஸ்பாஞ்சை உருவினார். தண்ணீர் தரையெல்லாம் கொட்டியது. வெள்ளை வெளேரென்று இருந்தது ஸ்பாஞ்சு. அதை மாப்பிள்ளை மூக்குக்கு முன்னால் நீட்டினார். "இப்பவாவது பாருங்க. மூணு வாரம் ஓடுன ஸ்பாஞ்சு இப்படியா இருக்கும்?"

மாப்பிள்ளை அதைக் கையில் வாங்கினார். பிழிந்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மாறியதைப் பார்த்து, புரிந்துவிட்டது என்றே தொட்டிக்காரர் நினைத்தார்.

"பழுப்பாகும்னு போட்டிருந்துச்சு மாமா. வளரும்னு போட்டிருந்துச்சு. நான் தொடவே இல்ல, அப்படியே விட்டேன். ஒண்ணுமே வளரல பாருங்க." ஸ்பாஞ்சைத் திருப்பிக் கொடுத்தார். "நான் வச்சா எதுவும் வளராது."

"நான் கழுவுனேன்யா! நான்!"

"சரி மாமா. நீங்கதான். சத்தம் போடாதீங்க, உங்களுக்கு மூச்சு வாங்கும்." எழுந்து, ஈரத் தரையில் பார்த்துக் கால் வைத்து, போகிற வழியில் மாமனார் தோளில் கையை ஒருமுறை வைத்து எடுத்துவிட்டு அறைக்குள் போனார்.

மகள் வந்ததும் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் நம்பினாள். நம்பாமல் என்ன.

"தெரியும்பா" என்றாள். "விடிகாலையில குழாய்ச் சத்தம் கேக்கும். தேய்க்கிற சத்தமும் கேக்கும். அந்தக் காகிதத்தை நான் படிக்கல. அப்பா பாத்துக்கறாருன்னு நினைச்சு நிம்மதியா திரும்பிப் படுத்துக்குவேன்." உலையில் அரிசியைப் போட்டாள். "ரொம்ப நாள் கழிச்சு அந்த நேரத்துல நல்லாத் தூங்குனேன்."

"நீ போய்ச் சொல்லு. நீ சொன்னா நம்புவாரு."

போனாள். கதவு திறந்தே இருந்தது. உள்ளே அவள் குரல் ரொம்ப நேரம் கேட்டது. மாப்பிள்ளை குரல் ஒரே ஒரு தடவை கேட்டது.

"ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டீங்க. பரவால்ல. எனக்காகத்தானே."

அவள் வெளியே வந்து சோற்றை வடித்தாள்.

பெரியவள் மறுநாள் செத்தது. சண்டைக்காரன் இன்னும் நாலு நாள் தாக்குப்பிடித்தது. இரண்டையும் தொட்டிக்காரர்தான் புதைத்தார். மாப்பிள்ளை எழுந்து வரவில்லை. நாற்காலி தொட்டி முன்னால் அப்படியே கிடந்தது. அதை எடுத்து ஓரமாகப் போட ஒருத்தருக்கும் கை வரவில்லை.

ஒட்டுவால் மட்டும் சாகவில்லை. ஏன் என்று யாருக்குத் தெரியும். ஆறில் அதைத்தான் ஒன்றுக்கும் உதவாது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

தொட்டிக்காரர் கடைக்காரம்மா சொன்னபடி செய்தார். தண்ணீரை வாளியில் பிடித்து ஒருநாள் முழுக்க வெளியில் வைத்தார். வாசனை போனபிறகு ஒரு வாளி மட்டும் மாற்றினார். மற்ற நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அது தொட்டிக்குள் இறங்கித் தேய்ப்பதைவிடக் கஷ்டமான வேலை. ஸ்பாஞ்சு பழுத்தது. கண்ணாடியில் ஒரு மங்கல் படிந்தது. தண்ணீர் ஒரு வாரம் பால் கலந்த மாதிரி கலங்கி நின்றது. விடிகாலையில் பழக்கதோஷத்தில் எழுந்துவிடுவார். குழாயடிவரை போவார். வெறும் கையைக் கழுவிக்கொண்டு திரும்பி வருவார்.

மாப்பிள்ளையின் நோட்டில் மீதிப் பக்கம் இருந்தது. ஐந்து கட்டம் அவருக்குத் தேவைப்படவில்லை. சொட்டு விட்டுப் பார்த்து, வந்த நிறத்தை மட்டும் கோணல் எழுத்தில் எழுதினார். பச்சை. பச்சை. பச்சை. ஒரு பக்கம் முழுக்கப் பச்சை. அடுத்த பக்கத்தில் பாதியில், இளம்பச்சை. ஐந்தாவது வாரம் ஒரு காலையில் குழலைக் குலுக்கி வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணை நம்பாமல் ஜன்னலுக்குக் கொண்டுபோனார். மறுபடி புதுத் தண்ணீர் எடுத்து மறுபடி சொட்டு விட்டார். மஞ்சள்.

குழலைக் கையில் பிடித்துக்கொண்டே அறை வாசலுக்குப் போனார்.

"மாப்பிள்ளை."

சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த முதுகு அசையவில்லை.

"மஞ்சள் வந்துருச்சு மாப்பிள்ளை. வளந்துருச்சு. நீங்க வச்ச தொட்டியிலதான் வளந்திருக்கு."

"சரி மாமா."

"ஒட்டுவால் தீனி தின்னுது."

"சரி மாமா."

"ஒரு தடவை வந்து பாருங்களேன். குழலையாவது பாருங்க. நான் பொய் சொல்லல."

கோபம்கூட இல்லை. மூச்சு மட்டும் ஒரே சீராக மேலேயும் கீழேயும் போய் வந்தது. தொட்டிக்காரர் குழலை நீட்டிக்கொண்டே நின்றார். அப்புறம் திரும்பி வந்து நோட்டில் மஞ்சள் என்று எழுதினார்.

தொட்டிக்குள் கையை விட்டு உள்கண்ணாடியில் விரலை வைத்து இழுத்தார். வழுக்கியது. சத்தம் வரவில்லை. தீனி என்று நினைத்து ஒட்டுவால் விரலுக்குப் பக்கத்தில் வந்து முட்டிப் பார்த்தது. ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் பாதி வாலை ஆட்டிக்கொண்டு போய்விட்டது.

சாயங்காலம் மகள் வந்தாள். பையை ஆணியில் மாட்டினாள். வரும்போதே கேட்கிற கேள்வியை அன்றைக்கும் கேட்டாள்.

"எந்திரிச்சாராப்பா?"

"இல்ல" என்றார்.

அவள் தலையை ஆட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள். தொட்டிக்காரர் நாளைக்கு மாற்றுவதற்கான தண்ணீரைப் பிடிக்க வாளியை எடுத்தார்.